கொடியில் ஒரு லுங்கி

மே 9, வியாழன்

ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆயிற்று. தெருவில் நான்தான் அதிக மார்க். வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் எந்தக் காலேஜ் என்று கேட்டார்கள். கோயமுத்தூர், உணவுத் தொழில்நுட்பம் என்றேன். "சமையல் படிக்கறதுக்கா கண்ணு அத்தன தூரம் போற?" என்றாள் பக்கத்து வீட்டுத் துளசிமணி பெரியம்மா. விளக்கிச் சொல்லப் பொறுமை இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சீட் கிடைத்துவிடும். ஃபீஸும் ஹாஸ்டலும்தான் மலை. அம்மா கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிக்கிறாள். அந்தச் சம்பளத்தில் வீடு ஓடுகிறது, அவ்வளவுதான். "ஸ்காலர்ஷிப் கொட்டிக் கிடக்கு கௌசிகா, தேடணும்" என்று ஜெயந்தி மிஸ் வாட்ஸ்அப்பில் பத்துப் பதினைந்து லிங்க் அனுப்பியிருக்கிறார். நாளையிலிருந்து தேடப் போகிறேன்.

இரவு முட்டைக் குழம்பு. பண்ணையில் விரிசல் விட்ட முட்டையை வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். பண்ணை முதலாளி மாதிரி நாங்களும் முட்டையை நம்பித்தான் இருக்கிறோம்.

மே 11, சனி

துவைக்கும் நாள். என் துணி, அம்மா துணி, போர்வை, அப்புறம் அப்பாவின் நீலக் கட்டம் போட்ட லுங்கி. அப்பா லாரியில் வடக்கே லோடு போயிருக்கிறார். அவர் கட்டாத லுங்கியை வாராவாரம் எதற்குத் துவைக்க வேண்டும்? கேட்டேன்.

"பீரோவுலயே கெடந்தா பூச்சி அரிச்சுரும். அதை முன்னால போடு. பின்னால போடாத" என்றாள் அம்மா.

முன்னால் இருக்கும் கொடி எங்களுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் பொது. பாதியில் எங்கள் துணி, பாதியில் அவர்கள் துணி. தங்கராசு பெரியப்பாவும் டிரைவர்தான். நாமக்கல்லில் எங்கள் தெரு முழுக்க லாரிக்காரர்கள்தான். எந்த வீட்டில் ஆம்பிளை இல்லை என்றாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

மே 15, புதன்

எனக்கென்றே செய்தது மாதிரி ஒரு ஸ்காலர்ஷிப். லாரி டிரைவர்களின் பிள்ளைகளுக்கு. பெயர், மார்க் எல்லாம் சரசரவென்று நிரப்பிவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் நின்றது. அப்பாவின் லைசென்ஸ் நகல், லாரி முதலாளியின் கடிதம், தந்தையின் கையொப்பம்.

அம்மாவிடம் கேட்டேன். "லைசென்ஸ் அவருகிட்டத்தான இருக்கும்?"

"முதலாளி லெட்டர்?"

"இப்ப அந்த முதலாளிகிட்ட ஓட்டறதில்ல."

"அப்ப யாருகிட்ட?"

அம்மா ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள். நேற்றுத்தான் ரசம் வைத்திருந்தாள். அது அப்படியே இருந்தது.

வடக்கே இருக்கும் ஆளிடம் கையெழுத்து வாங்க முடியாது. கடைசித் தேதி நாளை. விட்டாயிற்று.

மே 22, புதன்

எங்கள் ஆட்கள் சங்கத்தில் உதவித்தொகை நேர்காணல். "மாணவர் தகப்பனாருடன் நேரில் வரவும்" என்று போட்டிருந்தது. நானும் அம்மாவும் போனோம். மேசைக்குப் பின்னால் வெள்ளை வேட்டியில் மூன்று பேர். என் மார்க் ஷீட்டைப் பார்க்கவே இல்லை. அதை லேமினேட் செய்தது வீண் செலவு.

"அப்பன் வர்லியா அம்மிணி?"

"லோடு போயிருக்காருங்க" என்றாள் அம்மா.

"சரி, போனைப் போட்டுக் குடு. ஒரு வார்த்த பேசிக்கறோம். மேடையில தகப்பனும் புள்ளையும் சேர்ந்து நின்னு வாங்கறதுதான் நம்ம வழக்கம். அன்னிக்காவது வருவாரில்ல?"

அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் பின்னால் போனேன். சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து, "டவர் கெடைக்கலீங்க" என்றாள். அவள் காதிலிருந்து எடுக்கும்போது போனின் திரை இருட்டாகத்தான் இருந்தது. வடக்கே டவர் சரியாகக் கிடைப்பதில்லை.

"அடுத்த வருசம் பாப்பம்" என்றார்கள். அடுத்த வருசம் நான் எதற்கு விண்ணப்பிப்பேன், கல்யாணத்துக்கா? காபி மட்டும் நன்றாக இருந்தது. குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மே 28, செவ்வாய்

இன்னும் மூன்று இடத்தில் இல்லை என்றுவிட்டார்கள். எல்லாவற்றிலும் அப்பாவின் வருமானம், அப்பாவின் கையெழுத்து, அப்பாவின் போன் நம்பர். படிக்கப் போவது நானா அவரா?

ஜூன் 1, சனி

மிஸ் இன்னொன்று அனுப்பியிருக்கிறார். அன்னம்மாள் நினைவுக் கல்வி அறக்கட்டளை. மூன்று வருட ஃபீஸ், ஹாஸ்டல், புத்தகம், எல்லாம் அவர்களே கல்லூரிக்குக் கட்டிவிடுவார்கள். கணவனை இழந்த, அல்லது கணவனால் கைவிடப்பட்ட பெண்களின் மகள்களுக்கு மட்டும். ஜூன் 28 கடைசி.

கீழே, "அம்மாவிடம் பேசிப் பார்" என்று எழுதியிருந்தார். எதற்காக இதை எனக்கு அனுப்பினார் என்று தெரியவில்லை. எங்களுக்குப் பொருந்தாது.

லுங்கி துவைத்தேன். முன்னால் போட்டேன்.

ஜூன் 3, திங்கள்

ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்: "அதுக்கு என்ன சர்டிபிகேட் கேக்கறாங்களாம்?"

"எதுக்கு?"

"அதான், உங்க மிஸ்சு அனுப்புனதுக்கு."

என் போனைப் பார்த்திருக்கிறாள். தாசில்தார் ஆபீஸில் கொடுக்கிற சான்றிதழ், இ-சேவையில் பதிய வேண்டும் என்று சொன்னேன். கணவனால் கைவிடப்பட்டவர் என்பதற்கான சான்றிதழ் என்று முழுப் பெயரையும் சொல்ல வாய் வரவில்லை. ஆம்லெட் கருகும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

"நம்மூருல வேண்டாம். ராசிபுரத்துல போயிப் பதியலாம். தெருவுல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. துளசி அக்காகிட்டச் சொன்னீன்னா அப்பறம் பாத்துக்க."

சரி என்றேன்.

ஜூன் 5, புதன்

ராசிபுரம் இ-சேவை மையம். உட்கார இடமில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அண்ணன் தொண்டைக்குள் மைக் செட்டை முழுங்கியவர். டோக்கன் நம்பர் சொன்னால் போதாதா?

"கைவிடப்பட்ட பெண் யாருங்க? கைவிடப்பட்ட பெண்! முன்னால வாங்க!"

எல்லாத் தலையும் திரும்பியது. அம்மா எழுந்து போனாள். புடவையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, பந்திக்குக் கூப்பிட்ட மாதிரி நேராகப் போனாள்.

"வூட்டுக்காரரு போயி எத்தன வருசம்?"

அம்மா ஏதோ சொன்னாள்.

"கேக்கலீங்கக்கா."

"நாலு வருசங்க."

நான் சுவரில் இருந்த பட்டா மாறுதல் அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். முழுதாகப் படித்துவிட்டேன். பஸ்ஸில் அம்மா எனக்குச் சோளக்கதிர் வாங்கிக் கொடுத்தாள். அவளுக்கு வாங்கவில்லை.

ஜூன் 8, சனி

விசாரணைக்கு வி.ஏ.ஓ. வர வேண்டும். வரவில்லை. தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி, வருசக் கணக்குப் பார்க்கிறார்களாம், வி.ஏ.ஓ.க்கள் எல்லோரும் அங்கேயே கிடக்கிறார்களாம். இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் பூட்டு. கலெக்டர் ஆகி இவர்கள் எல்லோரையும் நாள் முழுக்க வெயிலில் நிற்க வைக்க வேண்டும் போல் இருந்தது. அப்புறம் அதற்கும் அப்பா கையெழுத்துக் கேட்பார்கள்.

ஜூன் 15, சனி

காலையில் துவைத்து எல்லாவற்றையும் கொடியில் போட்டுவிட்டு ரேஷனுக்குப் போனேன். அம்மா பண்ணையில். பருப்பு வரவில்லை, அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் துளசிமணி பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். முகமெல்லாம் பெருமை.

"ஒரு பொம்பள ஆபீசரு வந்துச்சு அம்மிணி. கையில பேப்பரு. உங்கொப்பனப் பத்தித் துருவித் துருவிக் கேட்டுச்சு. வூட்டுக்கு வர்றாரா, எப்ப வந்தாரு, செலவுக்குக் குடுக்கறாரான்னு. எனக்கு அப்பவே சந்தேகந்தான். ஏதோ லோன் கம்பெனி போல, இல்லீன்னா கேசு ஏதாச்சும். நாம விட்டுருவமா?"

ரேஷன் பையைக் கீழே வைத்தேன். "என்ன சொன்னீங்க பெரியம்மா?"

"பங்குனித் தேர் நோம்பிக்குக்கூட வந்து நாலு நாள் இருந்துட்டுத்தான போனாரு, தங்கமான மனுசன், பொண்டாட்டி புள்ள மேல உசுருன்னேன். அதா பாருங்க கொடியில அவரு லுங்கி காயுதுன்னு காட்டுனேன். எதுத்த வூட்டுப் பாவாயிகிட்டயும் கேட்டுச்சு. அவளும் அதையேதான் சொன்னா. எழுதிக்கிட்டுப் போயிருச்சு. இனி இந்தப் பக்கம் வராது, நீ பயப்படாத சாமி."

பத்து நாளாக நான் தேடி அலைந்த வி.ஏ.ஓ., சனிக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் வந்து, லுங்கியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கொடியில் போட்டது நான். இரண்டு கிளிப் மாட்டிப் போட்டிருந்தேன், காற்றில் விழக் கூடாது என்று.

பெரியம்மாவைத் திட்டவும் முடியவில்லை. எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். குடித்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

போனில் வந்தது. "தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கணவர் வந்து செல்வது விசாரணையில் தெரிய வருகிறது."

அரசாங்கமே சொல்லிவிட்டது, அப்பா வந்து செல்கிறாராம்.

ஜூன் 19, புதன்

அம்மா பண்ணைக்கு லீவு போட்டாள். வி.ஏ.ஓ. அலுவலகம் போனோம். சின்ன வயசுதான் அந்த அக்காவுக்கு. கோபப்பட்டுவிடலாம் என்று போனேன், கோபப்படும்படி அவர் பேசவில்லை.

"நீங்க சொல்றத நான் நம்பறேம்மா. ஆனா தெருவே ஒரே வாயா வர்றாருன்னு சொல்லுது. வாசல்ல லுங்கி காயுது. இதை மீறி நான் எழுதிக் குடுத்து, நாளைக்கு யாராவது பெட்டிஷன் போட்டா என் வேலை போயிரும். அக்கம்பக்கத்துல நாலு பேரு, அவரு வர்றதில்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். மறுபடி பதிஞ்சிருங்க. அன்னிக்கே முடிச்சுத் தர்றேன்."

"வேற ஊருக்காரங்க போட்டா ஆகாதுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"உங்க தெருவுலதாம்மா இருக்கோணும்."

பஸ் ஸ்டாண்டில் அப்பாவைத் தெரிந்த ஒருவர், "செங்கோட்டுவேலு நல்லாருக்கானா?" என்று கேட்டார். "நல்லா இருக்காருங்க, வடக்க போயிருக்காரு" என்றாள் அம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூன் 20, வியாழன்

சண்டை. நன்றாகக் கத்தினேன்.

நாலே நாலு பேரிடம் சொன்னால் போதும் என்றேன். முடியாது என்றாள். தாலியோடு தலை நிமிர்ந்து இந்தத் தெருவில் நடந்துவிட்டேன், இனிமேல் பரிதாபப் பார்வையெல்லாம் தாங்க மாட்டேன் என்றாள். வருசா வருசம் தீபாவளிக்கு அவளே கடன் சொல்லி மைசூர்பாகு வாங்கி, "அவரு குடுத்துவுட்டாரு" என்று பெரியம்மா வீட்டுக்குக் கொடுத்தது இதற்குத்தானா என்று கேட்டாள். அந்த மைசூர்பாகு எல்லாம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கடைக்குப் போனது நான்தானே.

"உனக்கு நான் முக்கியமா, அந்த லுங்கி முக்கியமா?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அம்மா எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். சாப்பிடவும் இல்லை. நான் மட்டும் சாப்பிட்டேன், வீம்புக்கு.

ஜூன் 21, வெள்ளி

பேசவில்லை. உப்பு வேண்டும் என்றால்கூட எழுந்து போய் எடுத்துக்கொண்டோம்.

ஜூன் 22, சனி

காவிரித் தண்ணீர் வரும் நாள். தெருக்குழாயில் குடம் வரிசை. பெரியம்மாவின் குடம் நிறைந்துகொண்டிருந்தது, அடுத்து எங்களுடையது. பாவாயி அக்காவும் இன்னும் ஐந்தாறு பேரும் இருந்தார்கள். மோட்டார் போட்டு யாரோ தண்ணீரை இழுக்கிறார்கள் என்று வழக்கமான சண்டை நடந்துகொண்டிருந்தது.

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். எந்த முன்னுரையும் இல்லை.

"துளசியக்கா, அவரு வர மாட்டாருங்க. போயி நாலு வருசமாச்சு. இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் பொய்யிங்க."

குடம் நிறைந்து வழிந்தது. யாரும் நகர்த்தவில்லை. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "தெரியும் சாமி."

"தெரியுமா? எப்பத்திருந்துங்க?"

"நீ மொதல்ல அந்த லுங்கியத் தொவைச்சுப் போட்டயே, அதுக்கடுத்த வாரத்துல இருந்து. ஏஞ் சாந்தாமணி, நானும் முப்பது வருசமா டிரைவருக்குத் தொவைக்கறேன். கிரீசும் டீசலும் படாத டிரைவரு லுங்கியப் பாத்திருக்கியா நீ? எங்க வூட்டுது பாதிக் கொடியில கரிக்கட்டையாட்டம் தொங்குது, உங்க வூட்டுது பக்கத்துல புதுசாட்டம் மினுக்குது. ஒரே லுங்கி. நாலு வருசமா."

பாவாயி அக்கா தலையை ஆட்டினாள். தெருவுக்கே தெரியும் போல. மைசூர்பாகைத் தின்றவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் வெடித்துவிட்டேன். "அப்பறம் எதுக்குப் பெரியம்மா அந்த ஆபீசர்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"உங்கம்மா சொல்லாதத நான் எப்படி அம்மிணி சொல்றது? அவ மானத்த நான் எடுத்து ஊருக்குக் காட்டறதா?" என்று பெரியம்மா என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள். அப்புறம் தன் குடத்தைத் தள்ளிவிட்டு எங்கள் குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்தாள். "எங்க கையெழுத்துப் போடோணும்? அந்தப் பொம்பளைய வரச் சொல்லு. அவகிட்டப் பொய் சொன்னது நானு, நானே சொல்லிக்கறேன்."

அம்மா அப்போதுதான் அழுதாள். நானும்தான். தண்ணீர் பிடித்துக்கொண்டே அழுதோம், நிற்க நேரமில்லை, பின்னால் வரிசை.

இன்று லுங்கி துவைக்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

நாலு கையெழுத்துக் கேட்டார்கள். ஒரு பக்கம் நிறைய வந்திருக்கிறது. தங்கராசு பெரியப்பா குஜராத்திலிருந்து போன் செய்து, தன் பெயரையும் போடச் சொன்னார். நேரில் இருந்தால்தான் செல்லும் என்று சொன்னதற்கு வி.ஏ.ஓ. அக்காவைத் திட்டினார். போன் ஸ்பீக்கரில் இருந்ததும் அந்த அக்கா பக்கத்திலேயே நின்றதும் அவருக்குத் தெரியாது.

ஜூன் 27, வியாழன்

சான்றிதழ் வந்துவிட்டது. அறக்கட்டளை இணையதளம் காலையிலிருந்து சுற்றிக்கொண்டே இருந்தது. ஏழு தடவை போட்டோ ஏற்றினேன், ஏழு தடவையும் அளவு பெரியது என்றது. எட்டாவது தடவை எடுத்துக்கொண்டது, ஏன் என்று அதற்குத்தான் தெரியும்.

கடைசியில், "உங்கள் குடும்பச் சூழலை இருநூறு சொற்களில் எழுதுக" என்று இருந்தது. எழுதினேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன், இந்த நோட்டிலும் இத்தனை நாள் வேறு மாதிரித்தான் எழுதியிருக்கிறேன்.

"என் அப்பா செங்கோட்டுவேல், லாரி டிரைவர். நான் எட்டாவது படிக்கும்போது ஹூப்ளிக்கு லோடு போனார். திரும்பி வரவில்லை. அங்கே அவருக்கு ஒரு மனைவியும் ஒரு பையனும் இருக்கிறார்கள். என்னை வளர்ப்பது என் அம்மா சாந்தாமணி."

இருநூறு சொல் வரவில்லை. மீதிக்கு முட்டையைப் பற்றி எழுதினேன். விரிசல் விட்ட முட்டையை வீணாக்காமல் என்னென்ன செய்யலாம் என்று படிக்க ஆசை என்று எழுதினேன். அதுவும் பொய் இல்லை.

பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அம்மா போட்டாள். கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

கிடைத்துவிட்டது. கல்லூரிக்கே நேராகக் கட்டிவிடுவார்களாம்.

அம்மா பண்ணையிலிருந்து விரிசல் முட்டை அட்டையோடு உள்ளே வரும்போது சொன்னேன். பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். அட்டை கையிலிருந்து நழுவித் தரையெல்லாம் மஞ்சள். அம்மா சிரித்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தாள். துடைக்கத் துணி இல்லை. கட்டிலில் மடித்து வைத்திருந்த நீலக் கட்ட லுங்கியை எடுத்துத் தரையில் போட்டு மண்டி போட்டுத் துடைத்தாள்.

"அம்மா, அது..."

"துணிதான" என்றாள். "இந்த மூலைய நீ தொடச்சுரு."

ஜூலை 13, சனி

நாளை மறுநாள் கோயமுத்தூர். வாளி, பூட்டு, போர்வை எல்லாம் வாங்கியாயிற்று. பெரியம்மா பருப்புப் பொடி அரைத்துக் கொடுத்திருக்கிறாள், சமையல் படிக்கப் போகிற இடத்தில் சாப்பாடு நன்றாக இருக்காதாம்.

துவைக்கும் நாள். லுங்கியில் முட்டை காய்ந்து மொடமொடவென்று இருந்தது, நாற்றம் வேறு. நான்கு வருடத்தில் முதல் தடவையாக அதில் அழுக்கு. சோப்புப் போட்டு, பிரஷ் வைத்து, கை வலிக்கத் தேய்த்தேன். மஞ்சள் முழுதாகப் போகவில்லை. பழக்க தோஷத்தில் பிழிந்து எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"அதை முன்னால போடாத" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "மாப்புத் துணிதான, பின்னால போடு."

பின்னால் போட்டேன்.